டாப்சிலிப் போய் வந்தவர்கள் கொஞ்சம் வழி சொல்லுங்களேன்

வணக்கம். வருகிற மாதம் குடும்பத்தோடு பொள்ளாச்சி வழியாக ஆனைமலைக் காட்டிலுள்ள டாப்சிலிப் போகலாம் என்றிருக்கிறோம். கூட வருபவர்கள் முழங்கால் வலியுள்ள அம்மா, ஆறாவது படிக்கும் மகள், நான்கு வயதுப் பையன்.

மகளுக்கு அங்குள்ள வனத்துறையின் இயற்கை விளக்க மையத்தை நிதானமாகப் பார்க்க வேண்டும். பறவைப் பைத்தியம், இருவாச்சி பார்க்காமல் திரும்ப மாட்டாளாம்! அந்த மையத்தில் படிகள் அதிகமா? அம்மாவை உட்கார வைக்க நிழலான இடம் உண்டா?

கோழிகமுத்தி யானை முகாமுக்குச் சொந்த வண்டி விடமாட்டார்கள், வனத்துறை வண்டியில்தான் போக வேண்டும் என்று தெரியும். அதற்கு டிக்கெட் அங்கேயே வாங்கலாமா, முன்பதிவு வேண்டுமா? யானைக்குச் சாப்பாடு கொடுக்கும் நேரத்துக்குப் போய்ச் சேர, சேத்துமடை சோதனைச்சாவடியை எத்தனை மணிக்குத் தாண்ட வேண்டும்?

தேக்குக் காட்டை மறுபடி வளர்த்தெடுத்த ஆங்கிலேய வன அதிகாரி ஹியூகோ வுட்டின் கல்லறையும் டாப்சிலிப்பில்தான் இருக்கிறது. என் ஆசை அதுதான், வீட்டில் யாருக்கும் அக்கறையில்லை. அம்மாவும் நடந்து வரக்கூடிய தூரமா?

அப்புறம், மழை விட்ட சமயத்தில் அட்டைத் தொல்லை எப்படி? பையனுக்குக் காரமில்லாத சாப்பாடு மேலே கிடைக்குமா, கட்டிக்கொண்டு போவதுதான் நல்லதா? பிளாஸ்டிக் கூடாது என்பதால் எவர்சில்வர் டப்பாக்கள் தயார்.

சமீபத்தில் போனவர்கள் சொன்னால் பெரிய உதவி.