ஏசி கம்ப்ரஸரைக் காற்றடிக்க வைத்த கதை: தார் டிஐ அனுபவம்

என் வண்டி முதல் தலைமுறை மஹிந்திரா தார் ஜீப்பில் டிஐ மாடல், 2523 சிசி டீசல், ஏசி இல்லாமல் வந்தது. ஏசி இல்லாத வண்டி என்பதால் எஞ்சின் பக்கத்தில் கம்ப்ரஸர் உட்காரும் இடம் சும்மா கிடந்தது. அந்த இடத்தில் பழைய கார் ஏசி கம்ப்ரஸர் ஒன்றை மாட்டி, பெல்ட்டில் ஓடவிட்டு, அதையே டயருக்குக் காற்று பிடிக்க வைத்திருக்கிறேன். லாரிக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான், ஏர் பிரேக் டேங்கில் ஒரு ஓஸைச் சொருகி நடுரோட்டிலேயே டயருக்குக் காற்று அடித்துக்கொண்டு போய்விடுவார்கள்.

பேட்டரியில் மாட்டுகிற சின்ன கம்ப்ரஸர் போதாதா என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. மணலிலும் சேற்றிலும் டயர் அழுத்தத்தை 15 பிஎஸ்ஐக்கு இறக்கி வைத்து ஓட்டிவிட்டு ரோட்டுக்கு வந்ததும் 30-க்கு ஏற்ற வேண்டும். 15 பிஎஸ்ஐ என்பது சுமாராக ஒரு வளிமண்டல அழுத்தம், அதாவது டயருக்குள் எத்தனை லிட்டர் இடம் இருக்கிறதோ அத்தனை லிட்டர் வெளிக்காற்றை உள்ளே தள்ள வேண்டும். 235/75 ஆர்15 டயரில் அந்த இடம் ஏறக்குறைய 50 லிட்டர், நாலுக்கும் 200. சின்ன கம்ப்ரஸர் இதைச் செய்யும்தான், ஆனால் ரெண்டாவது டயரிலேயே கை வைக்க முடியாத சூடாகி, மூன்றாவதில் தானே நின்றுகொள்ளும். நான் மாட்டியிருப்பது சேன்டன் 508, ஒரு சுற்றுக்கு 138 சிசி. கம்ப்ரஸர் 1500 ஆர்பிஎம்மில் சுற்றினால் கணக்குப்படி நிமிடத்துக்கு 200 லிட்டர். ஓஸ், வால்வு, அழுத்தம் எல்லாம் தின்றது போக அதில் பாதி கிடைத்தாலும் ஒரு டயர் ஒரு நிமிடத்துக்குள் முடிகிறது, நாலு டயரும் முடியும்வரை மூச்சு வாங்குவதில்லை.

எல்லா ஏசி கம்ப்ரஸரும் இதற்கு ஒத்துவராது. புதிய கார்களில் வருகிற, கேஸ் அழுத்தத்தைப் பார்த்துத் தானே கூட்டிக் குறைத்துக்கொள்ளும் வகையைத் தொடவே வேண்டாம். 508 மாதிரி நிலையான பிஸ்டன் வகைதான் சரி. அமெரிக்காவில் பழைய ஜீப்காரர்கள் யார்க் கம்ப்ரஸரைத் தேடி அலைவதற்கும் காரணம் இருக்கிறது, அதற்குள்ளேயே தனியாக ஆயில் தங்கும் தொட்டி உண்டு. நம் ஊரில் அது கிடைப்பது அபூர்வம். 508 கோவை உக்கடத்தில் பழைய பார்ட்ஸ் கடைகளில் கிடைத்தது, கையால் சுற்றிப் பார்த்து, கரகரப்பு இல்லாததாக எடுத்தேன்.

பிராக்கெட்டுக்கு லேத் பட்டறைக்குப் போனபோது நான் கொண்டுபோன ஆறு எம்எம் தகட்டைப் பார்த்ததுமே அங்கிருந்த அண்ணன் ஒதுக்கி வைத்துவிட்டார். "இது பத்தாதுங்க தம்பி. இந்த டீசல் ஆட்டுற ஆட்டத்துக்குக் கீறல் விட்டுரும், பத்துல போட்டுக்கலாம்" என்றார். பத்திலேயே போட்டோம். கிராங்க் புல்லிக்கும் கம்ப்ரஸர் புல்லிக்கும் குறுக்கே ஸ்டீல் ஸ்கேலை வைத்து, இடையில் வெளிச்சம் தெரியாத வரை வாஷர் மாற்றி மாற்றிப் பார்த்தார் அவர். அந்தப் பொறுமைக்குத்தான் நான் காசு கொடுத்தேன் என்று சொல்வேன், புல்லி ஒரு நூல் விலகினாலும் பெல்ட் ஓரம் பிசிறிவிடும்.

இப்போது ஆயில். இந்த வேலையில் முக்கால்வாசி இதுதான், பலபேர் கோட்டை விடுவதும் இங்கேதான். ஏசியில் ஓடும்போது ஆயில் கேஸோடு கலந்து ஒரு சுற்றுப் போய்த் திரும்பி வந்துவிடும். காற்றடிக்க வைத்தால் போன ஆயில் போனதுதான், திரும்பாது. கொஞ்ச நாளில் உள்ளே வறண்டு கம்ப்ரஸர் இறுகிப்போகும். சிலர் ஆயில் பிளக் வழியாக கிரீஸ் ஏற்றி ஓட்டுகிறார்கள், எப்போதாவது டயருக்கு மட்டும் அடிப்பவர்களுக்கு அது போதும். நான் காற்று உள்ளே போகும் பக்கம் ஆயிலைச் சொட்டவிடும் லூப்ரிகேட்டர் ஒன்று வைத்திருக்கிறேன், நியூமேட்டிக் கடைகளில் கிடைக்கும், கண்ணாடிக் கிண்ணத்துக்குள் சொட்டுச் சொட்டாக விழுவது தெரியும். வெளியே வரும் பக்கம் ஆயிலையும் தண்ணீரையும் பிரிக்கும் ஃபில்டர், அது இல்லாவிட்டால் டயருக்குள் எண்ணெய்தான் சேரும், ரப்பருக்கு அது ஆகாது. ஏசி கடையில் கொடுக்கும் பிஏஜி ஆயிலை ஊற்றாதீர்கள். அது ஈரத்தை இழுத்துக்கொள்ளும், நாம் அடிப்பதோ ஈரக்காற்று. காற்றுக் கம்ப்ரஸருக்கான சாதாரண மினரல் ஆயில் போதும்.

உள்ளே போகும் காற்றை எஞ்சின் ஏர் ஃபில்டருக்கு அப்புறம், டர்போவுக்கு முன்னால் எடுத்திருக்கிறேன். தூசி பிரச்சினை அதோடு முடிந்தது. வெளியே வரும் காற்று கொதிக்கும் என்பதை யாரும் லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நண்பர் ஒருவர் சாதாரண ரப்பர் ஓஸைக் கம்ப்ரஸர் வாயிலேயே மாட்டியிருந்தார், மூன்றாவது டயர் அடிக்கும்போது கிளிப் பக்கத்தில் இளகிப் பிய்த்துக்கொண்டது. நல்லவேளை, பானெட்டுக்குள் யாரும் கையை வைத்திருக்கவில்லை. முதல் ஒரு மீட்டராவது செம்புக் குழாய் அல்லது கம்பி பின்னிய டெஃப்லான் ஓஸ்தான் போட வேண்டும், அதற்கு அப்புறம் காற்று திரும்பி வராமல் தடுக்கும் செக் வால்வு, அப்புறம் டேங்க்.

டேங்க் என்னுடையது சின்ன ஏர் பிரேக் டேங்க். கீழே தண்ணீர் இறக்க டிரெயின் காக், மேலே 150 பிஎஸ்ஐயில் திறக்கும் சேஃப்டி வால்வு. பிரஷர் ஸ்விட்ச் 110-இல் கம்ப்ரஸரை நிறுத்தும், 85-இல் திரும்பப் பிடிக்கும். கம்ப்ரஸர் புல்லியில் இருக்கும் மின்காந்தக் கிளட்ச் இழுப்பது நாலு ஆம்பியர் சொச்சம்தான், என்றாலும் ரிலேயும் ஃபியூஸும் போட்டுத்தான் கொடுத்தேன். தீயணைப்பு சிலிண்டரை வெல்டு வைத்து டேங்க் ஆக்குகிறவர்களை இரண்டு இடங்களில் பார்த்துவிட்டேன், தயவுசெய்து வேண்டாம்.

இதெல்லாம் எதற்கு என்று வீட்டில் கேட்டதற்கு ஆனைமலை அடிவாரத்தில் ஒரு தோட்டத்தில் பதில் கிடைத்தது. கூட வந்த ஜிப்ஸி 12 பிஎஸ்ஐயில் ஓடைக் கல்லில் திரும்பும்போது முன் டயர் ரிம்மை விட்டுக் கழன்றுவிட்டது. அவர்களுடைய பேட்டரி கம்ப்ரஸர் அடிக்க அடிக்கக் காற்று சுற்றிலும் புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. ஜாக்கி வைத்துத் தூக்கி, லாரியில் சரக்கு கட்டும் ராட்செட் பெல்ட்டை டயர் மேல் சுற்றி இறுக்கி, விளிம்பில் ஷாம்பு பாக்கெட்டைப் பிழிந்து தடவினோம். வால்வு பின்னைக் கழற்றிவிட்டு, 100-க்கு நிறைந்திருந்த டேங்கைத் திறந்தேன். ஒரே மூச்சில் காற்று போனது, டப் டப் என்று இரண்டு சத்தம், இரண்டு பக்கமும் உட்கார்ந்துவிட்டது. சின்ன கம்ப்ரஸரிடம் இல்லாதது இந்த வேகம்தான். உட்காரும்போது விரலை ரிம் பக்கம் வைக்காதீர்கள், 40 பிஎஸ்ஐ வந்தும் உட்காரவில்லை என்றால் காற்றை இறக்கிவிட்டு மறுபடி ஷாம்பு தடவுங்கள், மேலே ஏற்றாதீர்கள்.

பிராக்கெட் அளவுகளைப் பேப்பரில் வரைந்து வைத்திருக்கிறேன். டிஐ எஞ்சின் வைத்திருப்பவர்கள் கேளுங்கள், தருகிறேன். தாரின் இன்னொரு டீசல் மாடலான சிஆர்டிஇ வண்டியில் யாராவது இதைச் செய்திருந்தால் பெல்ட்டை எந்த வழியில் கொண்டுபோனீர்கள் என்று சொல்லுங்கள், அடுத்து தம்பி வண்டியில் அதைத்தான் மாட்ட வேண்டும்.