280 முடிந்தது, இன்னும் இரண்டே மன்றோ: கயிறு பிடிக்கத் துணை வேண்டும்

வணக்கம் நண்பர்களே. ஸ்காட்லாந்தில் 3000 அடிக்கு மேற்பட்ட, மன்றோ என்று அழைக்கப்படும் மலைகள் மொத்தம் 282. பதினோரு வருடமாக ஏறி 280 முடித்துவிட்டேன். மீதி இரண்டில் ஒன்று மல் தீவின் பென் மோர். வீட்டுக்காரரும் பிள்ளைகளும் கூட நடந்து வர முடியும் என்பதால் அதைக் கடைசிக்கென்றே வைத்திருக்கிறேன். சிக்கல் மற்றதில்தான்: ஸ்கை தீவின் இன்அக்செஸிபிள் பினக்கிள்.

நடை மட்டும் போதாமல் கயிறு கேட்கிற ஒரே மன்றோ அது, 986 மீட்டர். கிழக்கு விளிம்பில் ஏறி, மேற்குப் பக்கம் கயிற்றில் இறங்க வேண்டும். ஏறுவது அவ்வளவு கடினமில்லை என்கிறார்கள், ஆனால் இரண்டு பக்கமும் பாதாளம், எனக்கோ படத்தைப் பார்த்தாலே உள்ளங்கை வியர்க்கிறது. (இந்த மலைகளை முதலில் பட்டியல் போட்ட ஹியூ மன்றோவே இதில் ஏறாமல்தான் போய்ச் சேர்ந்தார், அது ஒரு ஆறுதல்.) மூன்று முறை அடிவாரத்தில் உள்ள கிளென் பிரிட்டில் வரை போய், மழையிலும் காற்றிலும் கூடாரத்தோடு திரும்பிவிட்டேன்.

யாராவது ஏறியிருக்கிறீர்களா? வழிகாட்டியோடு போனீர்களா, நண்பர்களோடா? மே மாதம் நல்லதா, ஜூனில் கொசுத்தொல்லை தாங்குமா? சாதாரண மலை பூட்ஸ் போதுமா? முக்கியமாக, கயிறு கையாளத் தெரிந்த யாராவது வருகிற மே மாதம் கூட வர முடியுமா? பெட்ரோலும் சாப்பாடும் என் செலவு. கட்டுச்சோறு புளியோதரைதான், இப்போதே சொல்லிவிடுகிறேன்.