மகனுக்கு 78, எனக்கு 46

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகன் மடிக்கணினியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தான். "அம்மா, டைப்பிங்ல நான் 78. நீ எவ்வளவுன்னு பாத்துடுவோம்." கல்லூரிப் பிள்ளைகளுக்குள் ஏதோ போட்டியாம். ஒரு நிமிடம் அடித்தால் வேகம், துல்லியம் இரண்டையும் திரையே சொல்லிவிடுகிறது.

எனக்கு உள்ளுக்குள் சிரிப்பு. 1988-ல் தட்டச்சில் இங்கிலீஷ் ஹையர், அதாவது மேல்நிலைத் தேர்வு, பாஸ் செய்தவள் நான். நிமிடத்துக்கு 45 சொல், ஐந்து அடி ஒரு சொல் என்று கணக்கு, பத்து நிமிடத்துக்கு 2250 அடி. அடித்ததை அழிக்க வழியே இல்லாத ரெமிங்டன் தட்டச்சு மெஷினில். இவனோ விசைகளைப் பார்த்து நாலு விரலில் அடிக்கிற பையன்.

முதல் தடவை எனக்கு வந்தது 31. கீழ்நிலைத் தேர்வான லோயருக்கே 30 வேண்டும்! மானம் போயிற்று.

எங்கே சறுக்கினேன் என்று பிறகுதான் புரிந்தது. கல்யாணத்துக்குப் பிறகு நான் தட்டச்சைத் தொட்டதில்லை. ஆனால் கை எதையும் மறக்கவில்லை, அதுதான் வினை. முற்றுப்புள்ளி வைத்ததும் பெருவிரல் தானாக இரண்டு இடைவெளி தட்டியது. இன்ஸ்டிடியூட்டில் அப்படித்தான் பழக்கினார்கள். அந்தத் தளமோ இரண்டாவது தட்டுக்கு அடுத்த சொல்லையே தாண்டிவிட்டது. நான் பழகிய மெஷினில் ஒன்றுக்குத் தனி விசை கிடையாது, சின்ன 'எல்' எழுத்தைத்தான் அடிப்போம். 1947 என்று வந்த இடத்தில் அதையே அடித்தேன், சிவப்பு. எல்லாவற்றையும்விட வேடிக்கை, வரி முடியும்போதெல்லாம் இடது கை மேலே எழும்பி, மெஷினில் அடுத்த வரிக்குத் தள்ளுகிற லீவரை இல்லாத இடத்தில் தேடியது. மகன் விழுந்து விழுந்து சிரித்தான்.

சரி, விடக்கூடாது என்று தினமும் காலையில் காபிக்கு முன்னால் பத்து நிமிடம் உட்கார்ந்தேன். இரண்டு வாரத்தில் வேகம் 46, துல்லியம் 98. மகனுக்கு அதே 78. துல்லியம் மட்டும் 90. அவன் அதைக் கண்டுகொள்வதே இல்லை. நூறு தடவை விசையைத் தொட்டால் பத்து தப்பு, அது ஒரு விஷயமா என்கிறான்! எங்கள் சாரிடம் அந்தத் தாளை நீட்டியிருந்தால் தெரிந்திருக்கும்.

அப்புறம் ஒரு நாள், என் கணக்குப்படி ஒரு போட்டி வைத்தேன். அவன் வழக்கமாக அடிக்கிற தேர்வு நான் முதலில் அடித்தது மாதிரி இல்லை, அதில் அடிக்கடி வரும் சின்னச் சொற்கள்தான் திரும்பத் திரும்ப வரும். பெரிய எழுத்து இல்லை, காற்புள்ளி இல்லை, எண் இல்லை. அதனால் ஓர் இங்கிலீஷ் பத்திரிகையிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்துப் பக்கத்தில் வைத்து, பத்து நிமிடம், பேக்ஸ்பேஸைத் தொடக்கூடாது என்றேன். அவன் தலை கோழி கொத்துகிற மாதிரி தாளுக்கும் விசைக்கும் போய்வந்தது. ஒரு வரியை இரண்டு தடவை அடித்தான், இன்னொன்றை விட்டேவிட்டான். முடிவில் அவனுக்கு 53, தப்பு 41. எனக்கு 43, தப்பு 6. யார் ஜெயித்தது என்று வீட்டில் இன்னும் வழக்கு முடியவில்லை. உங்கள் அனுபவங்களையும் சொல்லுங்கள்.

* * *

அக்கா, நீங்கள் இங்கிலீஷோடு தப்பித்தீர்கள். தமிழில் சோதித்துப் பாருங்கள், தலை சுற்றும்.

நான் வருடக்கணக்காக ஒலிபெயர்ப்பு முறையில், அதாவது இங்கிலீஷ் எழுத்தில் அடித்துத் தமிழாக வரவைக்கிற முறையில், அடிக்கிறவன். 'ம' வேண்டுமென்றால் முதலில் 'ம்' வரும், அடுத்த விசையில்தான் புள்ளி போகும். நான் முயன்ற தளத்துக்கு அந்தப் பொறுமை இல்லை, 'ம்' வந்த உடனே தப்பு என்று குறித்துக்கொண்டது. கடைசியில் ஒரு பிழையும் இல்லாத வரிக்குத் துல்லியம் 64!

பிறகு தமிழ்99-க்கு மாறினேன். 1999-ல் தமிழ்நாடு அரசு ஏற்ற விசைப்பலகை. உயிர் இடக்கையில், மெய் வலக்கையில். முதல் மாதம் அழுகைதான், வேகம் 9. ஆனால் 'அம்மா'வுக்கு அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, நடுவில் புள்ளி தானாக விழும். 'தமிழ்' என்பதற்கு ஐந்து. முன்பு நான் அடித்த முறையில் ஏழு.

இதில் ஒரு கூத்து. 'அம்மா' நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினி எழுத்தைச் சேமிக்கிற யூனிகோட் முறையில் புள்ளியும் காலும் தனித்தனி, ஆக ஐந்து. நாலு தட்டு தட்டியவனுக்கு ஐந்து எழுத்துக்கான வேகம் கிடைக்கிறது. இப்போது என் வேகம் 38 என்று காட்டுகிறது. அதில் எத்தனை என்னுடையது, எத்தனை தானாக விழுந்த புள்ளியுடையது என்று தெரியவில்லை. இங்கிலீஷில் 60 அடிக்கிற நண்பனோடு இதை எப்படி ஒப்பிடுவது?

* * *

நான் தமிழ் லோயர், ஹையர் இரண்டும் முடித்தவன். தமிழ்த் தட்டச்சின் முதல் பாடமான 'யளனகபக'வில் ஆரம்பித்த தலைமுறை. யாழ்ப்பாணத்தில் பிறந்த ஆர். முத்தையா தமிழுக்கு மெஷின் வடிவமைத்த காலத்திலிருந்தே, தாளில் தெரிகிற வரிசையில்தான் கை போகும். 'கொ' என்றால் முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கணினித் தேர்வில் அப்படியே கொம்பைத் தட்டினேன், அது ஒரு புள்ளி வட்டத்தைத் தூக்கிக்கொண்டு தனியாக நின்றது. 'கொடுக்கல் வாங்கல்' என்ற சொல்லைத் தாண்டுவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. பழைய தட்டச்சு வரிசையையே தருகிற மென்பொருள் இருக்கிறது என்று பிறகு தம்பி ஒருவர் சொன்னார். இப்போது 40-க்குக் குறைவதில்லை.

* * *

என்னுடையது சின்னது. 15 விநாடித் தேர்வில் 91 வாங்கி, அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பினேன். மறுநாள் ஐந்து நிமிடத் தேர்வில் 58. அதை யாருக்கும் அனுப்பவில்லை.

* * *

முதலில் எழுதிய அக்காதான். இதையெல்லாம் மகனிடம் வாசித்துக் காட்டினேன். "சரிம்மா, உன் முறையிலேயே கத்துக்கறேன்" என்றான். எங்கள் சார் செய்தபடியே அவன் கைகளின் மேல் ஒரு துண்டைப் போட்டு மூடி, பத்து விரலையும் வைத்து அடிக்கச் சொன்னேன்.

நேற்று 22. துண்டுக்கு அடியில் எட்டிப் பார்த்ததையும் கணக்கில் சேர்த்துத்தான்.