புதுப்பிப்பு: அரிசி வாங்க வராத பக்கத்துத் தெரு அக்கா

போன மாதம் இங்கே கேட்டிருந்தேன். எங்கள் பங்குக் கோவிலில் வின்சென்ட் தே பவுல் சபையார் (ஏழைகளுக்கு உதவும் கத்தோலிக்க அமைப்பு) மாதாமாதம் அரிசி, பருப்பு கொடுக்கிறார்கள். ஞாயிறு பூசை முடிந்து எல்லார் முன்னாலும் வரிசையில் நின்று வாங்க வேண்டும். பக்கத்துத் தெரு அக்கா கூச்சப்பட்டு வரவே மாட்டேன் என்கிறார், என்ன செய்யலாம் என்று.

வீட்டுக்கே கொண்டுபோகச் சொன்னீர்கள். யோசித்தால், அந்தச் சபையின் பழைய முறையே அதுதான்! 1833-ல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற 20 வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கியபோதே ஏழைகளின் வீடு தேடித்தான் போனார்கள். இதைச் சபைத் தலைவரிடம் சொன்னேன். கொஞ்சம் முறைத்தார், அப்புறம் சம்மதித்தார்.

போன சனிக்கிழமை விளக்கு வைக்கிற நேரத்தில் நானும் இன்னொரு அண்ணனும் போனோம். பையை ஓரமாக வைத்துவிட்டு அரை மணி நேரம் பேச்சு. அரிசி ரேஷனில் கிடைக்கிறதாம். பிரச்சினை விதவை உதவித்தொகை: ஆதாரில் ஒரு பெயர், கணவரின் இறப்புச் சான்றிதழில் வேறு பெயர். வரிசையில் நின்றிருந்தால் இதை யார் கேட்டிருப்பார்கள்? திங்கட்கிழமை இ-சேவை மையத்துக்குக் கூட்டிப்போய்ப் பெயர்த் திருத்தத்துக்கு விண்ணப்பித்தோம். இன்னும் வரவில்லை.

அக்கா கிறிஸ்தவர் இல்லை. சிலர் அதையும் கேட்டிருந்தீர்கள். சபையில் யாரும் அதைக் கேட்கவில்லை.

இப்போதைய சண்டை, பையில் கோவில் பெயர் அச்சடிப்பதா வேண்டாமா என்பது. நான் வேண்டாம் கட்சி.