மறு: ‘செட் நெக்’குக்குத் தமிழ் – ‘செருகொட்டு’ சரிவருமா?

குழுவினருக்கு வணக்கம்.

கிட்டாரின் நெக்கை (கம்பிகள் ஓடும் நீண்ட கழுத்துப் பகுதியை) உடலில் செருகிப் பசையிட்டுச் சேர்ப்பதை ஆங்கிலத்தில் ‘செட் நெக்’ என்கிறார்கள். அதற்குத் தமிழ்ச்சொல் தேடும் இந்த இழையில் ‘பதித்த கழுத்து’, ‘நிலைக்கழுத்து’, ‘ஒட்டுக்கழுத்து’ என்று மூன்று சொற்கள் வந்திருக்கின்றன. முதல் இரண்டும் ஆங்கிலச் சொல்லை அப்படியே எடுத்து வைத்தவை; மரத்தில் என்ன நடக்கிறது என்பதை அவை சொல்லவில்லை. மூன்றாவதைப் பற்றித்தான் பேச வேண்டும். பழுதுக்கு வரும் கிட்டார்களைப் பார்க்கிறவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

> ஒட்டுக்கழுத்து என்றால் யாருக்கும் புரியும். பசை போட்டு ஒட்டியது, அவ்வளவுதானே ஐயா?

அவ்வளவுதான் என்று நினைப்பதால்தான் பல நல்ல கிட்டார்கள் கெட்டுப்போகின்றன, தம்பி. 1952இல் கிப்சன் நிறுவனம் கொண்டுவந்த ‘லெஸ் பால்’ என்ற மின்கிட்டாரை எடுத்துக்கொள்ளுங்கள். நெக்கின் அடிமரத்திலேயே ஒரு நாக்கு செதுக்கியிருக்கும். உடலில் அதே அளவுக்கு ஒரு குழி. நாக்கைக் குழிக்குள் செருகிப் பசையிட்டு இறுக்குகிறார்கள். பத்து–நாற்பத்தாறு கம்பி (மிக மெல்லியது அங்குலத்தில் ஆயிரத்தில் பத்து, மிகத் தடித்தது ஆயிரத்தில் நாற்பத்தாறு பருமன்) போட்டுச் சுருதி சேர்த்தால், ஆறு கம்பியும் சேர்ந்து இழுக்கும் இழுப்பு சுமார் 45 கிலோ. அந்த இழுப்பு நெக்கின் தலையை மேலே தூக்கப் பார்க்கும். அப்போது நாக்கின் உள்முனை குழியின் தரையை அழுத்தும். குழியின் வாய்ப்பக்கத்தில் நாக்கு தரையை விட்டு எழும்பப் பார்க்கும். நாக்கு நீளமாக இருந்தால் இந்த நெம்புதல் பரந்த பரப்பில் பிரிந்து போகிறது. குட்டையாக இருந்தால் அத்தனையும் சிறிய இடத்தில் குவிகிறது.

பசை எங்கே வேலை செய்கிறது என்பதையும் பாருங்கள். நாக்கின் இரு பக்கங்களிலும் அடியிலும் மரத்தின் நார் நீளவாக்கில் ஓடுகிறது. நாரோடு நார் படுத்து ஒட்டினால், இழுத்துப் பிய்க்கும்போது பசைக்கு முன்னால் மரமே கிழியும். நாக்கின் முனையில் நார் வெட்டுப்பட்டு நிற்கிறது. அங்கே எவ்வளவு பசை ஊற்றினாலும் பயன் இல்லை. ஆக, பலம் இருப்பது மரம் மரத்தோடு இடைவெளியின்றிப் பொருந்துவதில். பசையின் வேலை அந்தப் பொருத்தத்தை நகராமல் பிடித்து வைப்பது. ‘ஒட்டு’ என்று மட்டும் பெயர் வைத்தால் வேலையின் பாதி மறைந்துவிடுகிறது. அதனால் என் முன்மொழிவு: செருகொட்டு. செருகி ஒட்டியது. இணைப்புக்கும் இதுவே பெயர்.

இதற்கு நல்ல சான்று 1961இல் வந்த எஸ்ஜி என்ற கிப்சன் கிட்டார். லெஸ் பாலைவிட மெல்லிய உடல். இரண்டு பக்கமும் வெட்டி விட்டதால் இருபத்திரண்டாம் மெட்டு (ஃபிரெட்) வரை விரல் போகும்; வாசிப்பவருக்கு அது பெரிய வசதி. ஆனால் அதே வெட்டினால் நெக்கைப் பிடித்துக்கொள்ள உடலில் மரம் குறைந்துபோயிற்று. போதாததற்கு, முன்பக்கப் பிக்கப்புக்கான (கம்பியின் அதிர்வை மின்குறியாக மாற்றும் கருவிக்கான) பள்ளம் இணைப்பை ஒட்டியே வருகிறது. அறுபதுகளின் தொடக்கத்தில் வந்த எஸ்ஜிகள் நெக் ஆடுவதற்குப் பெயர்போனவை; அந்தப் பத்தாண்டுக்குள் கிப்சன் இந்த இணைப்பைப் பலமுறை மாற்றியது. எல்லாவற்றிலும் பசை இருந்தது. குறைந்தது மரம்.

> கழுத்து முறிவு என்ற சொல்லையும் பட்டியலில் சேர்க்கலாமே?

சேர்த்தால் இரண்டு வேறு நோய்களுக்கு ஒரே பெயர் ஆகிவிடும் அம்மா. கிப்சன் கிட்டார் கீழே விழுந்தால் பெரும்பாலும் உடைவது தலைப்பகுதி. அது பல மாடல்களில் 17 பாகை பின்னுக்குச் சாய்ந்திருக்கும். அதனால் அங்கே நார் குறுக்காக வெட்டுப்படுகிறது. நெக்கின் வளைவைச் சரிசெய்ய உள்ளே வைத்த இரும்புக் கம்பியின் மரையைத் திருப்பவும் அதே இடத்தில்தான் மரத்தைத் தோண்டியிருப்பார்கள். இது மரம் முறிவது. இதைத் ‘தலைமுறிவு’ என்போம். உடலோடு சேரும் இடம் இளகினால் நம் ஊரில் நாற்காலிக்கும் கட்டிலுக்கும் சொல்வது போல ‘ஒட்டு விட்டுப்போச்சு’ என்பதே சரி. ‘ஒட்டு விடுதல்’ என்று பட்டியலில் போடுங்கள். பழுதுபார்க்கும் முறையே இரண்டுக்கும் வேறு.

ஒட்டு விட்டதா என்று பார்ப்பதில்தான் அவசரம் கூடாது. நெக்கும் உடலும் சேரும் கோட்டில் வார்னிஷ் விரிவது பழைய கிட்டார்களில் சாதாரணம்; அது பூச்சின் விரிசலாக மட்டும் இருக்கலாம். கம்பியை இறுக்கத்தில் வைத்தபடி உடலைப் பிடித்துக்கொண்டு நெக்கை மெல்ல முன்னும் பின்னும் அழுத்துங்கள். கோடு திறந்து மூடினால், அல்லது மெல்லிய தாள் உள்ளே நுழைந்தால், ஒட்டு விட்டிருக்கிறது. கம்பிகள் நாளாக நாளாக விரற்பலகையைவிட்டு மேலே எழும்பிக்கொண்டே போவதும் ஓர் அறிகுறி, ஆனால் நெக் வளைந்தாலும் அப்படி ஆகும்.

தயவுசெய்து அந்த விரிசலுக்குள் உடனடிப் பசையைச் சொட்டாதீர்கள். அது வாயோரத்தை மட்டும் அடைத்துக்கொள்ளும். உள்ளே நாக்கு ஆடிக்கொண்டே இருக்கும். பின்னால் திறந்து சரியாகச் செய்ய வருபவருக்கு அந்தப் பசையைச் சுரண்டுவதே பெரும்பாடு. கம்பிகளையும் முன்பக்கப் பிக்கப்பையும் கழற்றினால், நீள நாக்கு உள்ள கிட்டார்களில் நாக்கின் முனை பள்ளத்தில் தெரியும். விரற்பலகையின் கடைசிப் பகுதியைச் சூடாக்கி, சூடேற்றிய மெல்லிய தகட்டுக் கத்தியால் உடலிலிருந்து விடுவித்து, பிறகு இணைப்புக்குள் நீராவி செலுத்துவார்கள். அந்தக் காலத்துக் கிட்டார்களில் இருப்பது தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த பசை. சூடும் ஈரமும் பட்டால் இளகிவிடும். அதற்குப் புதுச்சொல் தேட வேண்டாம். நம் தச்சர்கள் வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்து உருக்கிய ‘வச்சிரம்’ அதேதான்.

வச்சிரத்தின் மேல் வச்சிரம் பிடிக்கும். கடையில் கிடைக்கும் வெள்ளைப் பசை, காய்ந்துபோன தன் பழைய படலத்தின் மேலேயே பிடிக்காது. பசையில்லாத வெறும் மரம் தெரியும் வரை சுரண்டியாக வேண்டும். சுரண்டிய பின் நாக்கு தளர்ந்திருந்தால், நார் ஒரே திசையில் ஓடும்படி மெல்லிய மரச்சீவலைப் பக்கத்தில் ஒட்டி, கொஞ்சம் கொஞ்சமாக இழைத்துப் பொருத்த வேண்டும். பசையே இல்லாமல் செருகி, நெக்கைப் பிடித்துத் தூக்கினால் உடல் கூடவே வர வேண்டும். அதுதான் என் அளவுகோல். மெட்டுகளின் மேல் நேர்ச்சட்டம் வைத்து அது குதிரையின் (உடலின் மேல் கம்பிகளைத் தாங்கும் பாலத்தின்) உயரத்துக்குச் சரியாகப் போகிறதா என்று பார்த்த பிறகுதான் பசைப் புட்டியைத் திறக்கலாம். இறுக்கிய பின் ஒரு நாளாவது தொடாமல் விட வேண்டும். எப்பாக்சி (இரண்டு பொருள்களைக் கலந்து இறுகவைக்கும் பசை) இடைவெளியை நிரப்பும் என்பது உண்மை. ஆனால் அதன்பின் அந்த இணைப்பைத் திறப்பது மிகக் கடினம் என்பதால் நான் அதைப் பரிந்துரைப்பதில்லை.

இனி ‘கழுத்து’. மேலே எழுதும்போது நானும் ‘நெக்’ என்றேன். பயில்பவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆனால் மெட்டு, குதிரை, பிரடை (சுருதி சேர்க்கும் முளை) எல்லாம் வீணையிலிருந்து எடுத்துக்கொண்ட பிறகு இதற்கு மட்டும் ஏன் ‘கழுத்து’? வீணையின் நீண்ட கைப்பகுதிக்கு ‘தண்டி’ என்ற பெயர் இருக்கிறதே.

> வீணைத் தண்டி உள்ளே கூடு. கிட்டார் நெக் கெட்டி மரம்.

உண்மை. வீணையில் மெட்டுகள் மெழுகின் மேல் நிற்கின்றன, கிட்டாரில் மரத்தில் அறைந்திருக்கின்றன. இருந்தும் இரண்டையும் மெட்டு என்கிறோம். இடமும் வேலையும் ஒன்றாக இருந்தால் பெயர் பொருந்தும். தவிர, வீணை செய்பவர்கள் ஒரே மரத்தில் குடைந்ததை ஏகாண்ட வீணை என்றும், குடமும் தண்டியும் தனித்தனியாகச் செய்து சேர்த்ததை ஒட்டு வீணை என்றும் பிரித்து வைத்திருக்கிறார்கள். ‘ஒட்டு’ அங்கே வாழ்கிற சொல் என்பதால்தான் அதை விடாமல் ‘செருகு’ சேர்த்தேன்.

ஆகவே கிப்சன் வகை செருகொட்டுத் தண்டி. 1950 முதல் ஃபெண்டர் நிறுவனம் திருகாணியால் முடுக்கிச் செய்வது திருகுதண்டி. 1957 ரிக்கன்பேக்கர் பேஸ் கிட்டாரிலும் கிப்சனின் 1963 ஃபயர்பேர்டிலும் தண்டியின் மரமே உடலின் அடிவரை ஓடுவதால் அது ஊடுதண்டி. இதை ‘ஏகாண்டம்’ என்று அழைக்கலாம் என்ற யோசனை அழகானது, ஆனால் அதிலும் உடலின் இரு சிறகுகளைத் தனியாகத்தான் ஒட்டுகிறார்கள்.

தண்டியைக் கழற்றி மீண்டும் சேர்ப்பதான ‘நெக் ரீசெட்’டுக்கு மட்டும் நல்ல சொல் இன்னும் அமையவில்லை. ‘மறுசெருகல்’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன், காதுக்கு உறுத்துகிறது. தஞ்சாவூரில் வீணை செய்பவர்களோடு பழக்கம் உள்ளவர்கள் குழுவில் இருந்தால், ஒட்டு வீணையின் தண்டியைக் கழற்றி மீண்டும் சேர்ப்பதற்குப் பட்டறையில் என்ன சொல்கிறார்கள் என்று கேட்டு எழுதுங்கள்.