மறு: துணை மருத்துவக் காப்பீடு – ஒரே சொல் போதுமா?

குழுவினருக்கு வணக்கமுங்க.

அரசு மருத்துவ வசதி இருக்கும்போதே தனியாக எடுக்கிற மருத்துவப் பாலிசிக்குத் தமிழில் என்ன பெயர் வைக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தோம். துணைக் காப்பீடு என்றே வைத்துவிடலாம், எளிமையாக இருக்கிறது என்று குழுவிலுள்ள ஈரோட்டு ஐயா எழுதியிருந்தார். எளிமை சரிதானுங்க ஐயா. ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் மூன்று வெவ்வேறு சரக்கு கிடக்கிறது, மூன்றும் அரசு மருத்துவத்தின் கஜானாவை வேறு வேறு விதமாகத் தொடுகின்றன, அதனால் பிரித்துப் பெயர் வைக்காவிட்டால் நிதியைப் பற்றித் தமிழில் உருப்படியாக ஒரு பத்தி எழுத முடியாது.

பிரான்சில் டாக்டர் கட்டணத்தில் பெரும்பகுதியைப் பொதுக் காப்பீடு கொடுத்துவிடும், மிச்சம் நோயாளியின் பொறுப்பு. அந்த மிச்சத்துக்காகவே பெரும்பாலானவர்கள் இன்னொரு பாலிசி வைத்திருக்கிறார்கள். 2016 முதல் தனியார் நிறுவனங்கள் தொழிலாளிக்கு அதை எடுத்துக்கொடுப்பது கட்டாயம். இதற்கு நிரப்புக் காப்பீடு என்று பெயர் வைக்கலாம். ஆனால் தேவையில்லாமல் டாக்டரிடம் போகாதிருக்கட்டும் என்று வைத்த மிச்சத்தையும் பாலிசியே கட்டிவிட்டால் அந்தக் கடிவாளம் போய்விடுகிறது, அரசின் செலவும் கூடுகிறது. கனடாவில் ஆஸ்பத்திரியும் டாக்டரும் பொதுவில் வந்துவிடும், பல், கண்ணாடி, வெளியில் வாங்கும் மாத்திரை போன்றவற்றுக்குப் பலரும் வேலை செய்யும் கம்பெனியின் பாலிசியை நம்புகிறார்கள். இது கூடுதல் காப்பீடு, இதில் சிக்கல் இல்லை.

மூன்றாவதுதான் முக்கியம். பிரிட்டனில் 1948 முதல் பொது மருத்துவம் இருக்கிறது, அங்கே தனியார் பாலிசி எடுப்பவர் பெரும்பாலும் அதே ஆபரேஷனைக் காத்திருக்காமல் செய்துகொள்ளத்தான் எடுக்கிறார். இதற்கு இரட்டைக் காப்பீடு என்று குழுவிலுள்ள கோவை நண்பர் சொன்னார், அந்தச் சொல் ஒரே பொருளை இரண்டு கம்பெனியில் காப்பீடு செய்வதற்கு ஏற்கெனவே வழங்குகிறது, குழப்பும். நான் முன்வைப்பது புறவழிக் காப்பீடு. புறவழிச்சாலையில் போகிறவர் ஊருக்குள் இருக்கும் குண்டு குழியைப் பார்ப்பதேயில்லை, அதைச் சரிசெய்யச் சொல்லி சத்தம் போடவும் மாட்டார். வசதியுள்ளவர்கள் வெளியேறினால் வரிசை குறையும் என்று கணக்குப் போடுகிறார்கள், ஆனால் தனியாரிலும் அரசிலும் பார்ப்பது பல நேரம் அதே டாக்டர்தானே, அப்புறம் வரிசை எப்படிக் குறையும்?

நம்ம ஊருக்கு வருவோம். திருப்பூர் பனியன் கம்பெனியில் ஒருவர் மாதம் 22,000 வாங்குகிறார் என்று வையுங்கள். தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பு 21,000, அதனால் அதில் சேர முடியாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருக்க வேண்டும், அதிலும் இல்லை. ஜி.எச். அவருக்கும் திறந்தே இருக்கிறது, ஆனாலும் பயத்தில் தனியார் பாலிசி எடுக்கிறார். அது எதற்குத் துணை? புறவழிதான். இ.எஸ்.ஐ.யின் பக்கமிருந்து பாருங்கள்: தொழிலாளி 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம், ஆக 21,000 சம்பளத்துக்கு மாதம் 840 ரூபாய் வருகிறது. சம்பளம் கூடியவர்கள் வெளியே போகப் போக, நிறையக் கட்டக்கூடியவர்களை இழந்துவிட்டுக் குறைவாகக் கட்டுபவர்களின் பணத்தில் சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரி மாதிரியானவற்றை நடத்த வேண்டியிருக்கிறது. எனக்கு இது நியாயமாகவே படவில்லை.

இப்படி அரசு மருத்துவத்துக்குப் பணம் தொடர்ந்து கட்டுப்படியாகுமா என்பதைச் சொல்ல நிதி நிலைத்தன்மை என்கிறோம், அது அசையாமல் நிற்பது போல ஒலிக்கிறது. நிதித் தாங்குதிறன் என்றால் பாரம் கூடினாலும் தாங்குமா என்ற கேள்வி சொல்லிலேயே வந்துவிடும்.

அப்புறம் டாப் அப், சூப்பர் டாப் அப், அதாவது ஆஸ்பத்திரிச் செலவு ஒரு வரம்பைத் தாண்டினால் தாண்டியதை மட்டும் தரும் பாலிசிகள். 5 லட்சத்துக்கு மேல் போனால் தரும் பாலிசி, ஒரே வருடத்தில் தலா 4 லட்சத்துக்கு இரண்டு பில் என்றால், டாப் அப் ஒவ்வொரு பில்லையும் தனித்தனியாகப் பார்ப்பதால் பைசா தராது, சூப்பர் டாப் அப் இரண்டையும் கூட்டி 3 லட்சம் தரும். மேலடுக்குக் காப்பீடு, ஆண்டுக்கூட்டு மேலடுக்குக் காப்பீடு என்று எழுதிப் பார்த்தேன், இரண்டாவது நீளம். ஏஜெண்ட் வேலை பார்க்கும் நம் குழு நண்பர்கள், வாடிக்கையாளரிடம் வாயில் நிற்கிற மாதிரி இதைவிடச் சின்னதாக ஒன்று சொல்லுங்களேன்.