ஹைட்ரஜனுக்கு 54.4 எலக்ட்ரான் வோல்ட் வருகிறது, எங்கே தப்பு?

கத்துக்குட்டி:
ஷ்ரோடிங்கர் சமன்பாடு பக்கம் போகாமல், ஹைசன்பர்க்கின் நிச்சயமின்மைக் கொள்கையை (துகளை எவ்வளவு சின்ன இடத்தில் அடைக்கிறோமோ அவ்வளவு உந்தம் கூடும் என்பது) மட்டும் வைத்து ஹைட்ரஜன் அணுவின் அளவைக் கணக்கிடப் பார்த்தேன். உந்தம் = எச்-பார் / 2ஆர் (எச்-பார் என்பது பிளாங்க் மாறிலியை 2π-ஆல் வகுத்தது, ஆர் என்பது ஆரம்). இயக்க ஆற்றலையும் நிலை ஆற்றலையும் கூட்டி, கூட்டல் மிகக் குறையும் ஆரம் எது என்று தேடினேன். ஆரம் 0.13 ஆங்ஸ்ட்ராம், ஆற்றல் மைனஸ் 54.4 எலக்ட்ரான் வோல்ட். வரவேண்டியது 0.53, மைனஸ் 13.6. சொல்லிவைத்தது போல நாலு மடங்கு பிசகு! மூன்று தடவை போட்டுப் பார்த்துவிட்டேன்.

இன்னொன்று. எலக்ட்ரானைப் பிய்க்கத் தேவையான அந்த 13.6-ஐ, ஆற்றலை வெப்பநிலையாக மாற்றும் போல்ட்ஸ்மன் மாறிலியால் வகுத்தால் 1,58,000 கெல்வின். ஆனால் 10,000 கெல்வின் விண்மீனிலேயே ஹைட்ரஜன் பெரும்பாலும் எலக்ட்ரானை இழந்து அயனியாகிவிடுகிறதாமே?

பழைய வாத்தியார்:
கணக்கு சரிதான் தம்பி, எடுத்த உந்தம்தான் போதாது. எச்-பார் / 2 என்பது ஒரு திசைக்கான குறைந்தபட்ச வரம்பு. எலக்ட்ரான் மூன்று திசையிலும் அடைபட்டிருக்கிறது, ஆகவே உந்தத்தின் வர்க்கத்தை மூன்றால் பெருக்குங்கள்.

கத்துக்குட்டி:
18.1 வருகிறது சார். கிட்டே வந்துவிட்டது, ஆனால் 13.6 இல்லையே.

பழைய வாத்தியார்:
வராது. 1எஸ் நிலையில், அதாவது ஹைட்ரஜனின் மிகத் தாழ்ந்த ஆற்றல் நிலையில், ஒரு திசைக்கான இட நிச்சயமின்மையையும் உந்த நிச்சயமின்மையையும் பெருக்கினால் வருவது 0.5 எச்-பார் அல்ல, 0.577. வரம்பைத் தொடுவது மணி வடிவக் காஸியன் அலைதான். புத்தகங்களில் வெறும் எச்-பார் / ஆர் போட்டு 13.6-ஐ அச்சாக வரவழைப்பார்கள். விடை தெரிந்து போட்ட கணக்கு என்றே எனக்குத் தோன்றும். இந்த முறையில் 18 வந்தாலே நல்ல மதிப்பெண்.

தாரகை:
இரண்டாவதற்கு நான். ஆற்றலை மட்டும் பார்த்தால் போதாது, இடமும் கணக்கில் வரும். இந்திய இயற்பியலாளர் மேக்நாத் சாஹா 1920-இல் போட்ட சமன்பாடு இதற்குத்தான். 10,000 கெல்வினில் போல்ட்ஸ்மன் காரணி (ஆற்றலை மட்டும் பார்த்தால் அயனியாகும் வாய்ப்பு) ஒரு கோடியில் ஒன்றரைப் பங்குகூட இல்லை. ஆனால் கன மீட்டருக்கு 10²⁰ அணுக்கள் உள்ள வாயுவில், விடுபட்ட எலக்ட்ரானுக்கு அணு ஒன்றுக்கு இரண்டு கோடிக்கும் மேல் நிலைகள் காலியாகக் கிடக்கின்றன. இரண்டையும் பெருக்கி, சாஹா சமன்பாட்டில் போட்டுப் பாருங்கள். சுமார் 80 சதவீதம் அயனியாகிவிடும். வாயுவை அமுக்கினால் இது குறையும்.

கத்துக்குட்டி:
சூரியப் பரப்புக்குப் போட்டேன் அக்கா, 5,772 கெல்வின், கன மீட்டருக்கு 10²³ அணுக்கள். பத்தாயிரத்தில் ஒன்றுதான் அயனி. சரியா?

தாரகை:
சரி. அந்த ஒன்றை வைத்துக்கொண்டு சூரியனில் எலக்ட்ரானை எண்ணாதீர்கள். அங்கே இரும்பு, மெக்னீசியம், சிலிக்கான் எல்லாம் முந்திக்கொண்டு எலக்ட்ரானை விட்டுவிடும்.